கீழே நாலு, மேலே ஒன்று

காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தபோது கொக்கி வாய் நிறையப் பற்பசையோடு நின்றிருந்தான். திரையில் வந்த பெயரைப் பார்த்தான். கடிகாரக்காரரின் மகள். நேற்று மதியம் அவன் ஓட்டிய வண்டிக்குள்ளேயே வீல்சேரிலிருந்து சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாரே, அந்தக் கடிகாரக்காரர். மகள் திட்டத்தான் கூப்பிடுகிறாள். திட்டட்டும் என்று நினைத்தான். ராத்திரி முழுக்க அந்தத் திட்டுக்காகத்தான் அவன் காத்துக் கிடந்தான். கொப்பளித்துத் துப்பிவிட்டு எடுத்தான்.

“அண்ணா, எங்கள மன்னிச்சிருங்க” என்றாள்.

அவன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான்.

“அப்பாவே ஒத்துக்கிட்டாருண்ணா. பெல்ட்ட அவருதான் கழட்டியிருக்காரு. தூக்கக் கலக்கத்துல வீடு வந்துருச்சுன்னு நெனச்சுக் கழட்டியிருப்பேங்கறாரு. ராத்திரி நான் விட்ட விடுல எங்க தெருவே தூங்கியிருக்காது. இவர் செஞ்ச கூத்துக்கு உங்க வேலைக்கு எதுவும் ஆயிடக் கூடாதுண்ணா. பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அங்க வந்து நானே சொல்லிடறேன்.”

“கை எப்படிம்மா இருக்கு?”

“மாவுக்கட்டு போட்டாச்சு. ஆறு வாரமாம். கைதான் உடைஞ்சுது, வாய் நல்லாத்தான் இருக்கு.”

“சரிம்மா” என்றான் கொக்கி. ஃபோனை வைத்த பிறகு, அந்தச் ‘சரிம்மா’வை எதற்குச் சொன்னோம் என்று வாஷ்பேசின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். சட்டென்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. தாண்டிப் போய்விட்டது.

சமையலறையில் மனைவி டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தேடுவதை விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பாடா. நேத்து ராத்திரியிலேர்ந்து நீங்க பொரண்ட பொரளுல கட்டில் கால் ஆட ஆரம்பிச்சிருச்சு. இப்பவாவது ரெண்டு வாய் ஒழுங்கா சாப்பிடுங்க.”

“நான் போட்டேனான்னு எனக்கே தெரியல.”

“எத?”

“பெல்ட்ட.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அவரு கழட்டினேங்கறாரு. போடாத பெல்ட்ட யாராவது கழட்ட முடியுமா? அவரு கழட்டினாருன்னா நீங்க போட்டிருக்கீங்க. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?”

“அவரு தூக்கத்துல இருந்தாரு.”

“நீங்க முழிச்சுக்கிட்டுதான இருந்தீங்க? உங்களுக்கே தெரியலங்கறீங்க.” மூடி கிடைத்துவிட்டது. அதைப் போட்டு அமுக்கினாள். “ஆறிப் போன புண்ணக்கூட சொறிஞ்சு பாத்தாத்தான் உங்களுக்குத் திருப்தி. லாரி ஆபீசுல இப்படித்தான் வாயக் குடுத்தீங்க. கிடங்குலயும் இப்படித்தான். இது மூணாவது வேலை. நாப்பத்தாறு வயசாச்சு. நாலாவது வேலைய எவன் கையில வச்சுக்கிட்டு உங்களத் தேடிட்டு இருக்கான்? இன்னைக்கு ஒரு நாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க.”

அவன் சாப்பிட உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். தட்டில் கை அளைந்ததே தவிர வாய்க்கு ஒன்றும் போகவில்லை. எட்டு மணிக்கே கிளம்பிவிட்டான்.

அவன் ஓட்டுவது வீல்சேர் வண்டி. ரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்கு வாரம் மூன்று முறை போயாக வேண்டியவர்களை வீட்டிலிருந்து ஏற்றிப் போய், நாலு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பின்கதவைத் திறந்து சாய்வுப் பலகையை இறக்கி, நாற்காலியை ஆளோடு உள்ளே தள்ளி, தரையில் பதித்த இரும்புத் தடத்தில் நாலு பட்டைகளை மாட்டி, ஒவ்வொரு பட்டையின் கொக்கியையும் நாற்காலியின் சட்டத்தில் போட்டு இறுக்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சக்கரத்தில் போடக் கூடாது, கால்தாங்கியில் போடக் கூடாது, கழன்று வரும் எதிலும் போடக் கூடாது. இறுக்கிய பிறகு கைப்பிடியைப் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் அவசரத்துக்கு மூன்று கொக்கியோடு வண்டியை எடுத்துவிடுவார்கள். இவன் எடுக்க மாட்டான். நாலும் போட்டு, உலுக்கி, குனிந்து பார்த்து, இன்னொரு தரம் உலுக்குவான். அதனால் வந்த பெயர்தான் கொக்கி. கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

நாலு கொக்கியும் நாற்காலிக்கு. ஆளுக்கு என்று தனியாக ஒரு பெல்ட் இருக்கிறது. வண்டிச் சுவரிலிருந்து வந்து, தோளைத் தாண்டி நெஞ்சுக்குக் குறுக்கே இறங்கி, இடுப்புப் பக்கம் பூட்டிக்கொள்ளும். கீழே நாலு, மேலே ஒன்று. ஐந்தும் போட்ட பிறகுதான் ஓட்டுநர் தாளில் ஐந்து கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தையும் ஓட்டுநர் தன் கையால் போட வேண்டும் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

கடிகாரக்காரர் விஷயத்தில் அந்தப் பொடி எழுத்து எட்டு மாதமாக நடக்கவில்லை. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். “நீ கீழ பாரு, மேல நான் பாத்துக்கறேன். ஊசி முனை அளவு திருகாணிய நாப்பது வருஷம் மாட்டின கை இது. ஒரு பெல்ட்ட எனக்கு இன்னொருத்தன் மாட்டி விடணுமா?” கால்தான் அவருக்குப் போய்விட்டது, சர்க்கரையில். கை இரண்டும் பிசகாது. கொக்கி குனிந்து நாலாவது கொக்கியை இறுக்கும்போது மேலே ‘டக்’ என்று சத்தம் கேட்கும். “என்னுது முடிஞ்சுது. நீ இன்னும் தேச்சுக்கிட்டு இருக்க” என்பார். கொக்கி நிமிர்ந்து, அவர் மடியில் கிடக்கும் போர்வைக்கு மேலாகவே பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாவது கட்டத்திலும் டிக் அடித்துவிடுவான். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் மிச்சமாகிறது என்பதையும் சேர்த்துத்தான்.

நேற்று மதியம் மையத்தின் உதவியாளர் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோதே அவர் தூங்கிவிட்டிருந்தார். சுத்திகரிப்பு முடிந்தால் ஆள் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடுவார், குளிரும். கழுத்துவரை போர்வை. கொக்கி நாலையும் போட்டான், உலுக்கினான். நிமிர்ந்து, போர்வைக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தான். பூட்டு தட்டுப்பட்டது. டிக் அடித்தான்.

மூன்றாவது திருப்பத்தில் ஒரு சைக்கிள் சந்திலிருந்து பாய்ந்து வந்தது. பிரேக்கை மிதித்தான். அப்படியொன்றும் வேகம் கிடையாது. பின்னால் ஏதோ வழுக்கும் சத்தம், பிறகு ஒரு முனகல். திரும்பிப் பார்த்தால் நாற்காலி அசையாமல் வைத்த இடத்தில் இருக்கிறது. ஆள் மட்டும் அதிலிருந்து பாதி உடம்புவரை கீழ்ப்பக்கமாக உருவிக்கொண்டு போய், முன்சீட்டின் இரும்புக் காலில் கையை ஊன்றிக் கிடக்கிறார்.

ஓடிப்போய்த் தூக்கினான். இடுப்பில் இருந்த பூட்டை அழுத்தித் திறந்துதான் தூக்கினான். அது நினைவிருந்தது. அதனால்தான் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் மேடம் சாயங்காலம் ஃபோனில் கேட்டபோது, “பெல்ட் இருந்துச்சு மேடம், கிளம்பறப்ப நானே தொட்டுப் பார்த்தேன்” என்று தைரியமாகச் சொன்னான்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. இடுப்பில் பூட்டு இருந்தது, சரி. நெஞ்சில் என்ன இருந்தது? தூக்கும்போது நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்றும் தடுக்கவில்லையே. கடிகாரக்காரருக்குப் போன வாரம்தான் புது நாற்காலி வந்திருந்தது. பழைய நாற்காலிக்கு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ நாடா. புதியதில், ஆள் முன்னால் சரியாமல் உட்காருவதற்கென்று இடுப்புக்கு ஒரு பெல்ட், அதற்கு உலோகப் பூட்டு. வண்டி பெல்ட்டின் பூட்டு மாதிரியே அதே சதுரம், அதே சில்லிப்பு. மையத்தின் உதவியாளர் அதைப் போட்டுத்தான் தள்ளிக்கொண்டு வருவார். தன் கை தொட்டது அதைத்தானா? திறந்ததும் அதைத்தானா? புரண்டு படுத்தான். அவருடைய ‘டக்’ சத்தம் நேற்று கேட்டதா என்று யோசித்தான். கேட்ட மாதிரியும் இருந்தது. தினமும் கேட்ட சத்தம், நேற்று மட்டும் கேட்கவில்லை என்று எப்படிப் பிரித்து எடுப்பது?

எட்டே முக்காலுக்கு வண்டிக் கொட்டகைக்குள் நுழைந்தான். அவன் வண்டி கடைசி வரிசையில் தனியாக நின்றது. வண்டி கழுவுகிறவன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எப்போது பார்த்தாலும் சோப்பு வாளியோடு அலைவதால் எல்லோருக்கும் அவன் நுரை.

“உன் வண்டியத் தொடல” என்றான் நுரை. “விசாரணை முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு மேடம் ஆர்டர். நேத்து நீ கொண்டாந்து நிறுத்தினபடியே இருக்கு.”

“உள்ள என் தண்ணி பாட்டில் இருக்கு.”

“ஓ, தண்ணி பாட்டிலா” என்றான் நுரை. நம்பவில்லை. “எடுத்துக்க. நான் கண்ண மூடிக்கறேன்.”

கொக்கி பின்கதவைத் திறந்து ஏறினான். நாலு பட்டையும் தரைத் தடத்தில் அப்படியே கிடந்தன. அவற்றைப் பார்க்க அவன் வரவில்லை. சுவரைப் பார்த்தான்.

தோள் பெல்ட் மூன்று மடிப்பாக மடிக்கப்பட்டு, நடுவில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டோடு தொங்கியது.

நுரையின் வேலை அது. வண்டிக்குள் தண்ணீர் விட்டுக் கழுவும் நாளில், நுனி சோப்புத் தண்ணீரில் புரளக் கூடாதென்று பெல்ட்டை மடித்து ரப்பர் பேண்டு போட்டுவிடுவான். நேற்று கடிகாரக்காரரைக் காலையில் மையத்தில் இறக்கிவிட்டு வந்த பிறகு வண்டியைக் கழுவினார்கள். கழுவிய பிறகு முதல் சவாரியே அவரை வீட்டுக்குக் கொண்டுபோன சவாரிதான். ரப்பர் பேண்டை எடுக்காமல் அந்த பெல்ட்டை ஒரு சாண்கூட இழுக்க முடியாது.

ஆக, போடவே இல்லை.

ராத்திரி முழுக்க அலைந்த மனசு ஒரு நொடி நின்றது. சந்தேகம் போனதில் ஒரு சுகம்கூட இருந்தது. அடுத்த நொடி கை தானாகப் போய் ரப்பர் பேண்டை உருவியது. பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து, விட்டான். அது சரசரவென்று சுவருக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. தினமும் போடுகிற பெல்ட் எப்படி இருக்குமோ, அப்படி ஆகிவிட்டது. ரப்பர் பேண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்து முடித்த பிறகு, யோசிக்காமல் செய்ததற்குக் கை ரொம்பச் சுத்தமாக வேலை பார்த்திருக்கிறது என்று அவனுக்கே தோன்றியது.

இறங்கினான். நுரை அவன் கையைப் பார்த்தான். தண்ணீர் பாட்டில் இல்லை.

“கெழவரு ஒத்துக்கிட்டாராமே” என்றான் நுரை. “தப்பிச்ச. பாவம், அவருதான் மாட்டிக்கிட்டாரு.”

“அவருக்கு என்ன?”

“உனக்குத் தெரியாதா? ரெண்டு மாசம் முன்னாடி உனக்கு லீவு, பாட்டுக்காரன் ஓட்டினான். வீட்டுக்கு ஒரு தெரு முன்னாடியே கெழவரு பெல்ட்ட எடுத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டான். அது முதல் தடவை. ஓடற வண்டில ரெண்டாவது தடவை கழட்டினா பட்டியல்லேர்ந்து பேரு போயிரும். அப்புறம் இந்த வண்டி அவரு வாசல்ல நிக்காது.”

“சும்மா சொல்றாங்க. அப்படியெல்லாம் எடுக்க மாட்டாங்க.”

“மூணாவது தெருவுல ஒரு அம்மாவ எடுத்தாங்களே. நீயும்தான பார்த்த?”

கொக்கி அங்கிருந்து நகர்ந்தான். பதினோரு மணிவரை கொட்டகையில் நடந்தான். வாசல்வரை போவான், திரும்புவான். கழிப்பறைக்கு மூன்று தடவை போனான். டீ வாங்கி, ஆறவிட்டு, கீழே ஊற்றினான். ரப்பர் பேண்டை எடுத்துச் சாக்கடையில் போட்டான். போட்ட பிறகும் சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். காவலாளி, “என்னய்யா, நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துருவ போலிருக்கே” என்றான்.

மேடத்தின் அறை சின்னது. மேசை, மூன்று நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. வேறு வண்டி அனுப்பிக் கடிகாரக்காரரை வரவழைத்திருந்தார்கள். அவருடைய வீல்சேர் உள்ளே வந்ததும் ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட வேண்டியிருந்தது. வலது கையில் முழங்கைவரை வெள்ளை மாவுக்கட்டு. மகள் பிஸ்கட் கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தாள், மதிய ஷிப்டுக்கு ஓட வேண்டும்.

“வா கொக்கி” என்றார் கடிகாரக்காரர். “உன் கொக்கி எல்லாம் நல்லா இருக்கா? நாற்காலிக்கு ஒரு கீறல்கூட இல்ல. என்னைத்தான் சரியா பேக் பண்ணல.”

“அப்பா, வாய மூடுங்க” என்றாள் மகள்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் மேசையில் இன்னும் ஆறு ஃபைல்கள் காத்திருந்தன, அவர் பார்வை அடிக்கடி அங்கே போய் வந்தது. “ஓட்டுநர் அஞ்சு கட்டமும் டிக் பண்ணியிருக்காரு. பெல்ட் இருந்ததா ஃபோன்லயும் சொல்லியிருக்காரு. நீங்க என்ன சொல்றீங்க ஐயா?”

“நான்தாம்மா கழட்டியிருப்பேன். பழக்க தோஷம். தெரு முனை வந்ததும் கை தானா போயிரும். நேத்து வந்தது வேற முனைன்னு கைக்குத் தெரியல போல.”

“கழட்டினது ஞாபகம் இருக்கா?”

“தூங்கிட்டு இருந்தேன். ஆனா வேற யாரு கழட்டுவா? பேயா?”

“அவருதான் மேடம்” என்றாள் மகள். “அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. எட்டு மாசமா எங்கப்பாவக் கண்ணு மாதிரி கூட்டிட்டுப் போய்ட்டு வர்றாரு.”

கொக்கிக்குக் காது சுட்டது. சன்னலைப் பார்த்தான்.

மேடம் எழுதினார். எழுதி முடித்து, மூடியைப் பேனாவில் போட்டார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “இது ரெண்டாவது தடவை. விதிப்படி நாளையிலேர்ந்து இவர் பேரு பட்டியல்ல இருக்காது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி விண்ணப்பம் போடலாம்.”

மகளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, “நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ் மேடம்” என்றாள்.

“தெரியும்மா.”

“பஸ்சுல ஏத்த முடியாது. கார்ல தூக்கி வைக்க என்னால ஆகாது. வாரத்துல மூணு நாள். எப்படிப் போவாரு?”

“அதுக்குத்தான் முதல் தடவையே எச்சரிக்கை குடுத்தோம்.”

கடிகாரக்காரர் தன் மாவுக்கட்டைப் பார்த்தபடி, “ஆறு மாசமா” என்றார். அவருக்குக் கணக்கு சொல்ல யாரும் தேவையில்லை. இரண்டு தடவை போகாவிட்டால் கால் வீங்கும், மூன்றாவதுக்கு மூச்சு முட்டும். நாலாவது தடவைக்கு வண்டி தேவைப்படாது.

“அவரு கழட்டல” என்றான் கொக்கி.

மேடம் நிமிர்ந்தார்.

“நான் போடவே இல்ல. அவரு இடுப்புல இருந்தது நாற்காலியோட பெல்ட். அதத் தொட்டுப் பார்த்துட்டு டிக் அடிச்சேன். தூக்கறப்ப திறந்ததும் அதத்தான்.”

“இதப் பாருங்க” என்றார் மேடம். “பரிதாபப்பட்டுப் பேசாதீங்க. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அவரே ஒத்துக்கிட்டாச்சு.”

“தூங்கிட்டு இருந்தவருக்கு என்ன தெரியும்?”

“நீங்க முழிச்சுக்கிட்டு இருந்தப்ப பெல்ட் இருந்துச்சுன்னு சொன்னீங்க. இப்ப இல்லங்கறீங்க. நான் எத எழுதறது? ஏதாவது ஆதாரம் இருக்கா?”

இருந்தது. காலையில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்ன பிறகும் சீந்துவாரில்லை என்பது கொக்கிக்குப் புதிதாக இருந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று ஒரு மனது சொன்னது. சொன்னோம், கேட்கவில்லை, நம் கடமை முடிந்தது. வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். காலை மாற்றி மாற்றி வைத்து நின்றான்.

“நுரையக் கூப்பிடுங்க” என்றான்.

நுரை ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்தபடி வந்தான். கொக்கி அவனிடம் கேட்டான். “நேத்து வண்டி கழுவினப்போ தோள் பெல்ட்ட மடிச்சு ரப்பர் பேண்டு போட்டியா?”

“எப்பவும் போடுவேன்.”

“அத யாரு எடுத்தது?”

நுரை மேடத்தைப் பார்த்தான், கொக்கியைப் பார்த்தான். “எனக்கு என்னய்யா தெரியும்? நான் தண்ணியப் பார்த்தேனா, சோப்பப் பார்த்தேனா, அவ்வளவுதான்.”

“நான் எடுத்தேன்” என்றான் கொக்கி. “இன்னைக்குக் காலையில. எட்டே முக்காலுக்கு. நேத்து சவாரி முடிஞ்ச அப்புறமும் ரப்பர் பேண்டு பெல்ட்டுலயே இருந்துச்சு. நான் வண்டிக்குள்ள ஏறினத நீ பார்த்த.”

“தண்ணி பாட்டில் எடுக்க ஏறினான் மேடம்” என்றான் நுரை. பிறகு, அதற்கு மேல் இழுக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்தது. “பாட்டில் ஒண்ணும் எடுத்துட்டு வரல” என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தொடக் கூடாதுன்னு நிறுத்தி வச்ச வண்டில ஏறி ஆதாரத்தக் கலைச்சீங்க.”

“ஆமா.”

“நேத்து மறந்தது தப்புன்னா, ரெண்டு வாரம் வேலையில்லாம உக்கார வச்சிருப்பேன். இது அந்தக் கணக்குல வராது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“ரப்பர் பேண்டு எங்க?”

“சாக்கடையில.”

“தினமும் பெல்ட்ட நீங்கதான போட்டு விடுவீங்க? நேத்து மட்டும் எப்படி?”

கொக்கி தயங்கினான். கடிகாரக்காரர் முந்திக்கொண்டார். “எட்டு மாசமா நான்தாம்மா போட்டுக்கறேன். அவன் கீழ, நான் மேல. எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்.” சொல்லிவிட்டு, தான் சொன்னது யாருக்கும் உதவவில்லை என்பதை மேடத்தின் முகத்தில் பார்த்தார்.

“எட்டு மாசம்” என்றார் மேடம். அலமாரியைத் திறந்து வேறு ஒரு தாளை எடுத்தார். முன்பு எழுதியதைக் குறுக்கே அடித்தார். கடிகாரக்காரரின் பெயர் பட்டியலில் இருக்கும் என்று மகளிடம் சொன்னார். கொக்கியின் பக்கம் கையை நீட்டினார். அவன் சாவியை வைத்தான்.

வெளியே தாழ்வாரத்தில் மகள் அவன் எதிரே வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று ஒரு மூலையில் அவன் எதிர்பார்த்தான் போலும், முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டான்.

“காலையில ஏழு மணிக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்” என்றாள். “சரிம்மான்னு வாங்கிக்கிட்டீங்க.”

“அப்ப எனக்கு உறுதியாத் தெரியாது.”

“எட்டே முக்காலுக்குத் தெரிஞ்சுதே. அப்ப ஃபோன் பண்ணியிருக்கலாம்.” நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ராத்திரி இவர என்ன பேச்சுப் பேசினேன் தெரியுமா? உங்களால நான் வேலைய விட்டு உக்காந்துருவேன் போலிருக்கு, நீங்க போய்ச் சேர்ந்தாத்தான் நிம்மதின்னு சொல்லிட்டேன். சொன்னத எப்படித் திருப்பி வாங்கறது?”

“விடு, பெருசா ஒண்ணும் சொல்லல” என்றார் கடிகாரக்காரர். “பாதிக்கு மேல நான் கேக்கவே இல்ல.” ஆனால் அவர் கொக்கியின் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் பாட்டுக்காரன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சாய்வுப் பலகையை இறக்கினான். கொக்கி அங்கே நிற்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தான்.

வீட்டுக்கு எந்த பஸ் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று வருடமாக வண்டியிலேயே போய் வந்தவன்; நேற்று இரவும் இன்று காலையும் ஆட்டோவில் சமாளித்திருந்தான். சந்திப்பிலிருந்த நிறுத்தத்தில் போய் நின்றான். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. மனைவிக்கு ஃபோன் செய்ய எடுத்தான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னவளிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளே வைத்தான். சட்டைப் பையைத் தொட்டான். உட்கார்ந்தான், எழுந்தான்.

அப்போது அந்த வண்டி வந்து சிவப்பு விளக்கில் நின்றது. பாட்டுக்காரன் சன்னலை இறக்கிவிட்டு வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தான். பாட்டுக்காரன் மூன்று கொக்கி ஆள். இன்றைக்கு ஐந்து கட்டத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்க மாட்டார்கள், எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். பின்பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கடிகாரக்காரரின் தலை தெரிந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து. தலைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கொக்கி எட்டிப் பார்த்தான். குதிகாலைத் தூக்கிப் பார்த்தான். நெஞ்சுக்குக் குறுக்கே ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, போர்வையின் மடிப்பு மாதிரியும் இருந்தது.

நடைபாதையிலிருந்து இறங்கிப் போய்ப் பக்கக் கதவைத் தட்டினான்.

“என்னய்யா?” என்றான் பாட்டுக்காரன். “விளக்கு மாறப் போகுது.”

“கதவத் திற.”

“உனக்குத்தான் சீட்டுக் கிழிச்சாச்சாமே.”

“திறய்யா.”

பாட்டுக்காரன் முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். கொக்கி ஏறினான். மடக்குச் சீட்டில் இருந்த மகள் அவனைப் பார்த்துக் காலை ஒதுக்கிக்கொண்டாள். அவன் மண்டியிட்டான். முன்னால் இரண்டு, சட்டத்தில்தான். பின்னால் இரண்டு. நாலும் இருந்தன. நாற்காலியை உலுக்கினான், அசையவில்லை. போர்வையை முழுசாக விலக்கினான். தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் இறங்கி வந்திருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் இழுத்தான். கீழே பூட்டுவரை விரலை ஓட்டிக்கொண்டு போனான். சுவரிலிருந்து வரும் பெல்ட்டின் பூட்டுதான். இருந்தாலும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

கடிகாரக்காரர் கண்ணைத் திறந்தார். தன் நெஞ்சுமேல் இருந்த கையைப் பார்த்தார், பிறகு கைக்குச் சொந்தக்காரனை.

“நீ இன்னும் வேலையில இருக்கியா?”

“இல்ல.”

“அப்ப கைய எடு.”

எடுத்தான். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.